குளத்துப்புழையிலிருந்து அஷ்டமுடிக் காயலுக்கு: பள்ளிப் பிள்ளைகளைப் படகில் கூட்டிப்போக யோசனை வேண்டும்

ரப்பர்தோட்டத்து டீச்சர்

வணக்கம். குளத்துப்புழைப் பக்கம் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் தோட்டக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். 1964-ல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் வம்சம். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஆனால் வகுப்பில் பாதிப் பேர் கடலை நேரில் பார்த்ததில்லை.

இந்த வருடம் கடல்வாழ் உயிர்கள் பாடத்துக்காக ஒரு நாள் படகில் கூட்டிப்போகலாம் என்று தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நாற்பது பிள்ளைகள், நாலு ஆசிரியர்கள். கொல்லம் பக்கம் போக எண்ணம். எந்த மாதம், எந்த மாதிரிப் படகு, படகில் உட்காரவைத்து என்னதான் சொல்லித் தருவது? மைக்கில் பாட்டுப் போட்டு ஆடிவிட்டுத் திரும்புகிற சுற்றுலாவாக இது ஆகிவிடக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செங்கோட்டைக்காரன்

கன்னியாகுமரிக்கே கூட்டிப்போங்கள் டீச்சர். விவேகானந்தர் பாறைக்குப் படகும் இருக்கிறது, கடலும் பார்த்த மாதிரி ஆச்சு.

ரப்பர்தோட்டத்து டீச்சர்

அண்ணா, அங்கே வரிசையில் நிற்கிற நேரம்தான் அதிகம், படகில் இருக்கிற நேரம் சில நிமிடம். அதில் எந்த உயிரினத்தைக் காட்டுவது?

புனலூர் அம்மா

நான் ஒரு பெற்றோராகப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். படகு என்று சொன்னாலே என் வயிறு கலங்குகிறது. 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் கவிழ்ந்த படகில் போனதும் பள்ளிப் பிள்ளைகள்தான். 15 மாணவர்கள், 3 ஆசிரியர்கள் திரும்பி வரவில்லை. 2009-ல் தேக்கடியில் 45 பேர். 2023 மே மாதம் தானூரில் 22 பேர். ஒவ்வொரு முறையும் விசாரணை, ஒவ்வொரு முறையும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதாகச் செய்தி. மீனைக் கரையில் நின்று பார்த்தால் போதாதா? விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் எல்லாவற்றையும் பத்திரமாகப் பார்க்கலாம்.

தூத்தூர் வலை

நான் கொல்லம் பக்கத்து நீண்டகரைத் துறைமுகத்தில் போட்டில் வேலை பார்க்கிறவன். ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர். அம்மா சொல்வது நியாயமான பயம். அந்தப் பயத்தை வைத்தே படகைத் தேர்ந்தெடுத்தால் போதும், பயணத்தையே விட வேண்டாம்.

டீச்சர், முதலில் ஒன்று. என்னைப் போன்ற மீன்பிடிக்காரன் யாராவது "வாங்க, நம்ம வள்ளத்திலேயே ஒரு சுற்று காட்டுகிறேன்" என்று அன்பாகக் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். மீன்பிடிப் படகு ஆள் ஏற்றக் கட்டியது இல்லை. தானூரில் கவிழ்ந்தது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியதுதான். பயணிகளுக்கென்று பதிவு பெற்ற படகு வேண்டும். பதிவு எண்ணும் எத்தனை பேர் ஏறலாம் என்பதும் படகிலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, சான்றிதழையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்ட முகம் சுளித்தால் அடுத்த படகுக்குப் போய்விடுங்கள். படகை ஓட்டுகிற ஸ்ராங்கு யார், இன்ஜினைப் பார்க்கிற டிரைவர் யார், உதவிக்கு நிற்கிற லாஸ்கர் யார் என்று கேளுங்கள். மூன்று வேலைக்கும் ஒரே ஆள் நின்றால் வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பெரியவர்கள் அளவு ஜாக்கெட்டைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் அது மேலே ஏறி முகத்தை மூடும், பிள்ளை கீழே நழுவும். போட்டு, கொக்கி மாட்டி, தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேலே வந்தால் அது அந்தப் பிள்ளைக்கு உதவாது.

இன்னொன்று, இரண்டு தட்டுப் படகு வேண்டாம். தேக்கடியில் காட்டு மிருகத்தைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்ததையும் காரணமாகச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஒரு நாரை பறந்தாலே போதும், நாற்பது பேரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். நாற்பது பேரை ஒரே படகில் ஏற்றாமல் இரண்டாகப் பிரியுங்கள். ஆளுக்கு ஒரு இடம், எழுந்தால் கரைக்குத் திரும்புவோம் என்று முன்னாடியே சொல்லி வையுங்கள்.

புனலூர் அம்மா

ஜாக்கெட் விஷயம் இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. போன வருடம் ஒரு குடும்பச் சுற்றுலாவில் படகுக்காரர் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு "வெயிலுக்குப் புழுங்கும், தேவைப்பட்டால் எடுத்துக்கலாம்" என்றார். தேவைப்படும்போது எடுக்க நேரம் எங்கே இருக்கும்?

சரி, படகு பத்திரம் என்றே வைத்துக்கொள்வோம். காயலில் போனால் தென்னை மரமும் தண்ணீரும்தானே தெரியும்? இதில் கடல் உயிர் எங்கே வருகிறது? என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

காயல்பித்தன்

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. நான் விலங்கியல் படித்தவன், மீன்வளத் துறை சார்ந்த வேலைகளில் கொஞ்ச காலம் இருந்தேன். பதில் நீளமாக இருக்கும்.

டீச்சர், உங்கள் பிள்ளைகள் கல்லடை ஆற்றின் தலைப்பில் இருக்கிறார்கள். குளத்துப்புழை ஆறு, செந்துருணி, கழுதுருட்டி எல்லாம் சேர்ந்துதான் கல்லடை. 121 கிலோமீட்டர் ஓடி அது மன்றோ துருத்து என்கிற தீவுப் பக்கம் அஷ்டமுடிக் காயலில் விழுகிறது. காயல் நீண்டகரையில் கடலோடு சேர்கிறது. உங்கள் ஊர் சாஸ்தா கோயில் படித்துறையில் மீனுக்கு இரை போடுகிற மீனூட்டு நடக்குமே, அந்தத் தண்ணீர்தான் கடைசியில் நீண்டகரைப் பாலத்துக்குக் கீழே போகிறது. எனவே உங்கள் பயணம் கொல்லத்தில் தொடங்க வேண்டாம். கோயில் படித்துறையில் தொடங்கட்டும். அங்கே ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுங்கள். மன்றோ துருத்தில் ஒரு பாட்டில், காயல் நடுவில் ஒரு பாட்டில், நீண்டகரையில் கடல்முகத்தில் ஒரு பாட்டில். பள்ளிக்குத் திரும்பியதும் ஒவ்வொன்றிலும் ஒரே அளவு எடுத்து, எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் காய விடுங்கள். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். நாலு தட்டையும் பக்கத்தில் வைத்தால் எங்கே நல்ல தண்ணீர் முடிந்தது, எங்கே கடல் தொடங்கியது என்று பிள்ளைகளே விரல் வைத்துக் காட்டுவார்கள். கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

இந்த உப்புக் கோட்டைத்தான் படகில் கடந்து போகிறீர்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதற்குள் இருக்கிற உயிர்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் வாழ்கின்றன. ஆற்றுக் கொஞ்சு, அந்த நீலக் கால் பெரிய இறால், ஆற்றில்தான் வளரும். ஆனால் முட்டை பொரிக்கும் காலத்தில் தாய் கீழே இறங்கி உப்புக் கலந்த தண்ணீருக்கு வர வேண்டும். அதன் குஞ்சு நல்ல தண்ணீரில் பிழைக்காது. கொஞ்சம் வளர்ந்த பிறகு அது மறுபடி ஆற்றில் ஏறும். நாரன், பூவாலன் இறால்களுக்கு நேர்மாறு. கடலில் முட்டை, குஞ்சு காயலுக்குள் வந்து வளரும், பருவத்துக்கு வந்ததும் கடலுக்குத் திரும்பும். கரிக்காடி இருக்கிறதே, கொல்லத்துச் சந்தையில் குவியல் குவியலாக வருவது, அது காயல் பக்கமே எட்டிப் பார்க்காது, பிறப்பும் இறப்பும் கடலில்தான். மூன்றையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டுங்கள், பார்க்க எல்லாம் இறால்தான், வாழ்க்கைதான் வேறு. விலாங்கும் அப்படி: ஆற்றுப் பாறை இடுக்கில் வருடக்கணக்கில் கிடந்துவிட்டு முட்டையிடக் கடலுக்குப் போகும். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் விலாங்கு பிடித்த கதை கேட்டு வரச் சொல்லுங்கள். முன்பு எவ்வளவு கிடைத்தது, இப்போது கிடைக்கிறதா என்றும் கேட்கட்டும். நடுவில் தென்மலை அணை நிற்கிறது என்பதை அவர்களே யோசித்துக்கொள்வார்கள்.

பழைய வாத்தியார்

காயல்பித்தன் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனாலும் ஒரு எச்சரிக்கை. முப்பது வருடத்துக்கு மேல் எல்லைப் பள்ளிகளில் தமிழ் வழியில் பாடம் எடுத்த பழக்கத்தில் சொல்கிறேன். முதல்முறை கடல் பார்க்கிற பிள்ளையிடம் பாட்டிலும் அட்டவணையும் கொடுத்தால் அது பாட்டிலைத்தான் பார்க்கும். குறிப்பெடு, குறிப்பெடு என்று நாம் விரட்டுவோம். அந்தப் பிள்ளை வாயைப் பிளந்து நிற்க அரை மணி நேரமாவது விடுங்கள். உப்பு எங்கே போகிறது? அடுத்த வாரமும் உப்பு உப்பாகத்தான் இருக்கும்.

காயல்பித்தன்

ஐயா, அரை மணி இல்லை, ஒரு மணி நேரம்கூட விடலாம். ஆனால் வாய் பிளந்து நிற்பது கரையில் இருக்கட்டும். படகில் சும்மா இருக்கிற நாற்பது பிள்ளைகள் பத்தாவது நிமிடம் எழுந்து நிற்பார்கள். கையில் வேலை இருந்தால் உட்கார்ந்திருப்பார்கள். பாதுகாப்புக்கும் இது உதவும்.

பழைய வாத்தியார்

இதை ஒப்புக்கொள்கிறேன்.

சும்மா ஒருத்தன்

எல்லாம் சரி, கொல்லம் வரை போய்விட்டுக் கரிமீன் பொள்ளிச்சது சாப்பிடாமல் வந்தால் அது என்ன கல்விச் சுற்றுலா?

காயல்பித்தன்

கிண்டலாகக் கேட்டாலும் பதில் உண்டு. கரிமீன் 2010-லிருந்து கேரளத்தின் மாநில மீன். தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கிற மீன்கள் நம் தண்ணீரில் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. அதே காயலில் பள்ளத்தி என்று ஒரு குட்டி மீன், மஞ்சளாக இருக்கும், கரிமீனுக்குச் சொந்தக்கார இனம். கரிமீன் உடம்பில் ஒட்டுகிற ஒட்டுண்ணிகளைப் பள்ளத்திக் குஞ்சுகள் கொத்தித் தின்னும். கரிமீன் அசையாமல் காட்டிக்கொண்டு நிற்கும். சாப்பிடுகிற இலையில் இதைச் சொல்லுங்கள், ஒரு பிள்ளையும் மறக்காது.

ரப்பர்தோட்டத்து டீச்சர்

ஆற்றைப் பிடித்துக்கொண்டே போகிற யோசனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மீனூட்டுக்குப் பொரி போடாத பிள்ளை என் வகுப்பில் இல்லை. மாதம் பற்றிச் சொல்லுங்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, மார்ச்சில் ஆண்டுத் தேர்வு. ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி தொடக்கம் சரிப்படுமா? காயலில் கக்கா, அதாவது மட்டி, வாருகிறவர்களைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றும் ஆசை.

காயல்பித்தன்

ஜனவரி நல்லது. மழை நின்று, ஆற்றுத் தண்ணீர் குறைந்து, கடல் உப்பு காயலுக்குள் ஏறி வந்திருக்கும். ஆனால் கக்கா வாருவதைப் பார்க்க முடியாது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மஞ்சக் கக்காவுக்குத் தடைக்காலம், அது இனம் பெருக்குகிற நேரம்.

இதை ஏமாற்றமாக எடுக்காதீர்கள், பயணத்தின் நல்ல பாடமே இதுதான் என்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அளவில்லாமல் வாரியதில் கக்கா சரிந்தது. அப்புறம்தான் இந்தத் தடைக்காலம் வந்தது, வலைக்கண் அளவு வந்தது, இயந்திரம் வைத்து வாரக் கூடாது என்று வந்தது, கிலோவுக்கு 1400-க்கு மேல் எண்ணிக்கை வருகிற பொடிக் கக்கா ஏற்றுமதிக்கு வேண்டாம் என்று வந்தது. கக்கா திரும்பி வந்தது. 2014-ல் கடல் பொறுப்பாண்மை மன்றம் என்கிற உலக அமைப்பின் சான்று அஷ்டமுடிக் கக்காவுக்குக் கிடைத்தது, இந்தியாவிலேயே முதல் முறையாக. காலால் தடவி, முங்கிக் கையால் வாருகிற ஜனங்கள் சேர்ந்து கட்டுப்பட்டு வாங்கிய சான்று அது. சும்மா கட்டிப்போட்டிருக்கிற வள்ளங்களைக் காட்டி, ஏன் இவர்கள் இன்று வேலைக்குப் போகவில்லை என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு வில்லனும் வந்திருக்கிறான். தென் அமெரிக்கப் பக்கத்து மட்டி ஒன்று, கறுப்பாக, நூல் விட்டு எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். கப்பல் அடியில் ஒட்டியோ, கப்பல் ஆடாமல் நிற்க உள்ளே நிரப்புகிற பாலஸ்ட் தண்ணீரிலோ வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். அஷ்டமுடியில் கம்பம், கயிறு, படகு, கக்காப் படுகை என்று பரவிக் கிடக்கிறது. படகுத்துறைக் கம்பங்களிலேயே கொத்துக் கொத்தாகத் தெரியும், தேட வேண்டாம். ஒரு சாண் நீளக் கம்பத்தில் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிக்கவே படகு வந்துவிடும்.

தூத்தூர் வலை

மாதம் சரி. நாள் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் நன்றாக இறங்கும், சேற்றுத் திட்டு வெளியே வரும், நண்டும் கொக்கும் நிறையத் தெரியும். ஆனால் அந்த நாட்களில்தான் நீண்டகரை முகத்தில் தண்ணீர் வெளியே இழுக்கிற வேகமும் அதிகம். அஷ்டமி, நவமியில் இழுப்பு குறைவு, திட்டும் குறைவாகத்தான் தெரியும். இரண்டும் ஒருசேர வேண்டும் என்றால் நடக்காது.

காயல்பித்தன்

நம் கரையில் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான், குஜராத் மாதிரி இல்லை. அதனால் வித்தியாசம் பெரிதாக இருக்காது என்று நினைத்தேன்.

தூத்தூர் வலை

ஏட்டில் சின்னதுதான். எட்டு முடி, அதாவது காயலின் எட்டுக் கிளைத் தண்ணீரும் ஒரே வாய் வழியாக வெளியே போகும்போது அங்கே நின்று பாருங்கள். கம்பம் நட்டு மீன் பிடிக்கிற ஊன்னி வலைக்காரர்கள் அந்த இழுப்பை நம்பித்தானே வலை கட்டுகிறார்கள். என் யோசனை: பிள்ளைகளின் படகு முகத்துப் பக்கமே வர வேண்டாம். மன்றோ துருத்து, பெருமண் பக்கம் உள்காயலில் சுற்றட்டும். முகத்தைப் பாலத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் தரையில் நின்று பார்க்கட்டும். அப்படியென்றால் பௌர்ணமி பக்கத்தில் நாள் வைக்கலாம். காற்று மதியத்துக்கு மேல் எழும்பும், எனவே படகு காலையிலேயே. பதினொன்றுக்குள் கரை ஏறிவிடுங்கள்.

செங்கோட்டைக்காரன்

பெருமண் என்றதும் ஞாபகம் வருகிறது. 1988 ஜூலை 8, ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அந்தப் பாலத்திலிருந்து காயலில் விழுந்தது. 105 பேர். எங்கள் வீட்டில் அன்று ரேடியோவை விட்டு யாரும் நகரவில்லை. படகில் போகும்போது பாலம் தெரியும், பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்.

பயணத்துக்கு ஒரு வழியும் சொல்கிறேன். பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் போனால் என்ன? புனலூர்–கொல்லம் பாதை இருக்கிறது.

ரப்பர்தோட்டத்து டீச்சர்

ரயில் நேரத்தை நம்பி நாற்பது பிள்ளைகளைக் கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை அண்ணா. பஸ்தான். இருட்டில் கிளம்புவதும் இல்லை, இருட்டில் திரும்புவதும் இல்லை என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

புனலூர் அம்மா

யாரும் எழுதாத ஒன்று. எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள். கழிப்பறை எங்கே? சின்னப் படகில் இருக்காது. கரையில் கடைக்காரரிடம் கெஞ்ச விடுவீர்களா? போக வர நாலு மணி நேரம் பஸ் வேறு. இதற்குப் பயந்தே பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் மயங்கி விழும். எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிறுத்துவோம் என்பதை உப்பு பாட்டில் எடுக்கிற இடங்களோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள். நாப்கின் ஒரு பொட்டலம் ஏதாவது டீச்சர் பையில் இருக்கட்டும்.

ரப்பர்தோட்டத்து டீச்சர்

எழுதிக்கொண்டேன். ஏறுகிற இடத்தில் கழிப்பறை இருக்கிற துறையை மட்டும்தான் தேர்ந்தெடுப்பேன், அதை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம்.

பழைய வாத்தியார்

மன்றோ துருத்து பற்றி ஒரு வார்த்தை. அங்கே வீட்டுத் திண்ணை வரை ஓதத் தண்ணீர் ஏறும். சுவரில் உப்புப் பூத்திருக்கும். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் உண்டான நிலம் அது. அணை வந்தபின் வண்டல் வரத்துக் குறைந்ததும் அது தாழ்வதற்கு ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. நம் பிள்ளைகளின் மலையிலிருந்து போன மண் அது என்பதைச் சொல்லுங்கள். ஆனால் அங்கே குடியிருக்கிறவர்களின் வீட்டை வேடிக்கைப் பொருளாக்க வேண்டாம். வாசலில் நின்று படம் எடுக்கிற சுற்றுலாக் கூட்டத்தால் அவர்களுக்கு ஏற்கெனவே சலிப்பு.

காயல்பித்தன்

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. படகில் செய்ய இரண்டு வேலை மட்டும் சொல்கிறேன், அதற்கு மேல் வைத்தால் குழப்பம்.

ஒன்று, பெயின்ட் டப்பா மூடியைக் கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் பாகம் பூசி, நடுவில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கட்டுங்கள். கயிற்றில் ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு. தண்ணீரில் இறக்கி, மூடி கண்ணுக்கு மறைகிற இடத்தில் முடிச்சை எண்ண வேண்டும். ஆறு விழுகிற இடத்தில் ஒரு முறை, நடுக் காயலில் ஒரு முறை. வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவுதான் நுண்பாசி வளரும், நுண்பாசியைத்தான் கக்கா வடிகட்டித் தின்கிறது. கயிற்றை இறக்குகிறது ஆசிரியராகவே இருக்கட்டும், பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலிருந்து எண்ணட்டும்.

இரண்டு, பழைய மெல்லிய சாக்ஸின் நுனியில் ஒரு சின்ன பாட்டிலைக் கட்டி, வாயில் கம்பி வளையம் வைத்து, படகு மெதுவாகப் போகும்போது இழுங்கள். பாட்டிலில் சேர்கிற கலங்கல்தான் மிதவை உயிர்கள். பள்ளியில் ஃபோல்ட்ஸ்கோப் இருந்தால் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். மனு பிரகாஷ் ஸ்டான்ஃபோர்டில் செய்த காகித நுண்ணோக்கி, 140 மடங்கு பெரிதாகக் காட்டும், பையில் மடித்துப் போட்டுக்கொள்ளலாம். நண்டுக் குஞ்சு மாட்டினால் அதிர்ஷ்டம். பெரிய நண்டுக்கும் அதற்கும் ஒரு ஒற்றுமையும் தெரியாது, தலையில் கொம்பு முளைத்த பூச்சி மாதிரி இருக்கும்.

திரும்பும்போது சந்தையில் உயிரோடு இருக்கிற மட்டி ஏதாவது கிடைத்தால் வாங்கி வாருங்கள். வளர்ப்பு மட்டி தடைக்காலத்திலும் வரும். இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் ஒரே கலங்கல் காயல் தண்ணீர், ஒன்றில் மட்டி, ஒன்றில் ஒன்றும் இல்லை. ஒரு பாடவேளை முடிவதற்குள் மட்டி இருக்கிற பாட்டில் தெளியத் தொடங்கும்.

சும்மா ஒருத்தன்

அப்புறம் அந்த மட்டியைச் சமைக்கலாமா?

காயல்பித்தன்

பாட்டிலில் வைத்ததை வேண்டாம்.

தூத்தூர் வலை

துறைமுகத்துக்கு வருகிறீர்கள் என்றால் மதியம் வாருங்கள். மத்தி, நெத்திலி வள்ளங்கள் பெரும்பாலும் அந்த நேரத்துக்கு வந்து சேரும். ஏலத்துக்கு நடுவில் நாற்பது பிள்ளைகளை நிறுத்தினால் திட்டு விழும், ஓரமாக நில்லுங்கள், ஈரத் தரை வழுக்கும், செருப்பு பின்வார் வைத்ததாக இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையிடமும் அடிக்கோல் கொடுத்து விடுங்கள். கேரளத்தில் எந்த மீனை எந்த நீளத்துக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, 58 இனத்துக்கு. மத்திக்கு 10 சென்டிமீட்டர். குவியலில் பத்து மத்தியை எடுத்து அளக்கட்டும். எங்கள் ஆட்களுக்கும் அது கொஞ்சம் உறைக்கட்டும், நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

பாலத்துக்குக் கீழே சங்கிலி போடுகிற இடத்தையும் காட்டுங்கள். ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் டிராலிங், அதாவது இழுவலை, தடை. அன்று ராத்திரி குறுக்கே சங்கிலி கட்டிவிடுவார்கள். எங்கள் ஊரில் கணக்கு வேறு, ஜூன் 1-லேயே தொடங்கிவிடும். மீனுக்கு மாநில எல்லை தெரியாது, எங்களுக்குத்தான் இரண்டு கணக்கு.

புனலூர் அம்மா

இவ்வளவு படித்த பிறகு என் பிள்ளையை அனுப்பலாம் என்று தோன்றுகிறது. ஆனால் இரண்டு நிபந்தனை. படகு ஏறுவதற்கு முன் ஜாக்கெட் போட்ட படம் பெற்றோர் குழுவில் வர வேண்டும். அன்று மழையோ காற்றோ என்றால் படகை ரத்து செய்யும் அதிகாரம் டீச்சர் கையில் இருக்க வேண்டும், முன்பணம் போனாலும் சரி.

ரப்பர்தோட்டத்து டீச்சர்

இரண்டும் சம்மதம் அக்கா. இப்போதைக்கு முடிவு செய்தது: ஜனவரி கடைசிச் சனிக்கிழமைகளில் பௌர்ணமிக்குப் பக்கமானது. விடிந்ததும் கோயில் படித்துறையில் முதல் பாட்டில். ஒன்பது மணிக்கு உள்காயலில் இரண்டு படகு, இருபது இருபது பேராக, படகுக்கு இரண்டு ஆசிரியர். பதினொன்றுக்குள் கரை. சாப்பாடு பள்ளியிலிருந்தே எலுமிச்சை சாதம், கரிமீன் ஆசை உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மதியம் நீண்டகரை, அடிக்கோல், கடைசி பாட்டில். பிறகு தங்கசேரிக் கடற்கரையில் பழைய வாத்தியார் கேட்ட அரை மணி நேரம், கையில் எதுவும் இல்லாமல். காலை அலையில் நனைக்கலாம், அதற்கு மேல் இறங்கக் கூடாது.

தூத்தூர் அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். துறைமுகத்தில் கழித்துப் போட்ட குவியல் கிடக்கும் என்று கேள்விப்பட்டேன். நட்சத்திர மீன், சின்ன நண்டு, பெயர் தெரியாத மீன்கள். அதில் பிள்ளைகள் கை வைக்கலாமா?

தூத்தூர் வலை

கண்ணால் பார்க்கட்டும், கை வேண்டாம். கடல்பாம்பு செத்த மாதிரி சுருண்டு கிடக்கும், சாகாமலும் இருக்கும், கடித்தால் விஷம். திருக்கை வாலிலும் கெளுத்தியின் முதுகு, பக்கத் துடுப்பிலும் முள் இருக்கும், செத்த மீனின் முள்ளும் குத்தும். ஏதாவது எடுத்துக் காட்ட வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் கரையில் இருக்கிற நாளாக இருந்தால் வந்து எடுத்துக் காட்டுகிறேன். நான் கடலில் இருந்தால் நீளமான இடுக்கி ஒன்று கொண்டுவாருங்கள். அதோடு ஒரு பிளாஸ்கில் வெந்நீர். முள் குத்தினால் தாங்குகிற சூட்டில் அந்த இடத்தை முக்கி வைத்தால் கடுப்பு இறங்கும், வெந்துபோகிற சூடு வேண்டாம், முதலில் பெரியவர் கையை விட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், முள் உள்ளே முறிந்திருக்கும்.